காரணம் சொல்லாத அறை

பாஸ்டனிலிருந்து ஆரஞ்சு லைன் ரயிலில் வடக்கே போனால் மால்டன் சென்டர் என்றொரு நிலையம் வரும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், கடைத்தெருவுக்குள், 2015இலிருந்து ஒரு ஸ்வீடன் நாட்டுச் சரக்கு விற்பனையாகிறது. பொட்டலம் கட்டித் தர முடியாத சரக்கு. ‘போடா போர்க்’ என்று பெயர். காசு கொடுத்து உள்ளே போகிறவர்கள் அங்கே பெரும்பாலான நேரம் தோற்கிறார்கள். தோற்று வெளியே வந்து, மூச்சு வாங்கியபடி ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு, மறுபடியும் அதே கதவைத் திறந்து உள்ளே போகிறார்கள்.

விதிகளைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். மூன்று முதல் ஐந்து பேர் வரை குழுவாக வர வேண்டும். கட்டடத்துக்குள் தனித்தனிச் சவால்கள்; ஒவ்வொரு சவாலும் அடுத்தடுத்த சில அறைகளால் ஆனது. ஓர் அறையில் செய்ய வேண்டியதைச் செய்தால் பச்சை விளக்கு எரியும், அடுத்த அறைக்கு வழி கிடைக்கும். தவறினால் சிவப்பு விளக்கு, கூடவே காதைக் குடையும் ஒலி. வெளியேறி முதல் அறையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கடைசி அறையையும் கடந்துவிட்டால் அட்டையில் ஒரு முத்திரை குத்திக்கொள்ளலாம். டிக்கெட் நேரத்துக்குத்தான், எத்தனை முறை தோற்றாலும் கூடுதல் கட்டணம் கிடையாது. எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அறைக்குள் செய்ய வேண்டியது என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. கதவில் சவாலின் பெயர் இருக்கும், விளக்கம் இருக்காது. உள்ளே வந்து கைதூக்கிவிட ஊழியரும் இல்லை.

அப்படி ஓர் அறையைக் கற்பனையாகக் கட்டிப் பார்க்கலாம். (மால்டனில் உண்மையில் உள்ள அறை எதையும் இங்கே போட்டுடைத்து, அங்கே போகப்போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டியதில்லை.) சுவரில் வரிசையாகப் பொத்தான்கள். தரையில் நீலமும் மஞ்சளுமாகச் சதுரங்கள். மூலையில் ஒரு மரக்கட்டை. நான்கு பேர் நுழைகிறார்கள். ஒருவர் பொத்தானை அமுக்கக் கையை நீட்டுவதற்குள் சிவப்பு விளக்கு.

‘யார் என்ன செய்தது?’

‘நான் சும்மாதான் நின்றேன்.’

‘எதன்மேல் நின்றாய்?’

இரண்டாம் முறை யாரும் மஞ்சளில் கால் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது, பிறகு சிவப்பு. மூன்றாம் முறை நால்வரும் ஒரே நீலச் சதுரத்தில் ஒடுங்கி நிற்கிறார்கள், ஒரு பொத்தான் மின்னுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், கத்தியதில் ஒருவருடைய குதிகால் மஞ்சளில் பட்டுவிடுகிறது. ஏழெட்டு முறை போய்வந்த பிறகு அந்த அறையைப் பற்றி அவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. தெரிந்ததெல்லாம் தோற்றுத் தெரிந்துகொண்டது. வேறு வழியில் ஒரு தகவல்கூட வந்து சேரவில்லை.

சவால் அறைகளை நடத்தும் நிறுவனங்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. புதிரின் கடினம், அலங்காரம், மின்னணுச் சாமர்த்தியம் என்று ஒன்றையொன்று விஞ்சப் பார்க்கின்றன. ஆனால் ஓர் இடத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இவை எதுவும் அல்ல. தோற்றவரை அந்த இடம் என்ன செய்கிறது என்பதுதான். சில இடங்கள் சிரிக்கின்றன, சில சிறைவைக்கின்றன, சில மதிப்பெண் போடுகின்றன, சில பரிதாபப்பட்டுக் குறிப்பு கொடுக்கின்றன. மால்டன் கூடம் ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்த மௌனம் கூடத்தை நடத்துபவர்களின் சோம்பல் இல்லை, சரக்கே அதுதான்.

இந்த மாதிரி அறையில் முதலில் அடைபட்டவை பூனைகள். கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வுக்காக மரச்சட்டங்களை அடித்துச் சில கூண்டுகள் செய்தார். பசித்த பூனை உள்ளே, மீன் வெளியே. ஒரு கூண்டில் கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும், இன்னொன்றில் நெம்புகோலை மிதித்தால். பூனைக்கு யாரும் விளக்கவில்லை. அது பிறாண்டும், கடிக்கும், சந்துகளில் மூக்கை நுழைக்கும். தற்செயலாக வளையத்தில் கால் மாட்டும், கதவு திறக்கும். மறுபடி அடைத்தால் மறுபடி பிறாண்டல், ஆனால் சற்றுக் குறைவாக. ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தார்ன்டைக் கோடாக வரைந்தார். கோடு மெல்ல மெல்லத்தான் இறங்கியது, செங்குத்தாக விழவில்லை. பூனை ‘அட, இதுதானா’ என்று புரிந்துகொண்டிருந்தால் ஒரே நாளில் நேரம் தடாலென்று விழுந்திருக்க வேண்டும். அப்படி நடக்காததால், விலங்கு புரிந்துகொண்டு கற்பதில்லை, பலன் தந்த அசைவு நிலைத்து மற்றவை உதிர்ந்துபோகின்றன என்றார் அவர்.

இதற்கு மறுப்பு டெனரிஃப் தீவிலிருந்து வந்தது. அங்கே இருந்த மனிதக்குரங்கு ஆய்வு நிலையத்தில் வுல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானியர் சிம்பன்சிகளுக்கு எட்டாத இடத்தில் பழம் வைத்தார். பக்கத்தில் பெட்டிகள், குச்சிகள். சுல்தான் என்ற சிம்பன்சி இரண்டு மூங்கில் குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளமாக்கிப் பழத்தை இழுத்துக்கொண்டது உளவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்ட காட்சி. 1917இல் வந்த நூலில் கோலர் சொன்னதன் சாரம்: நிலைமை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் விலங்குக்கும் புரியும். தார்ன்டைக்கின் கூண்டில் வளையத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் உள்ள தொடர்பு பூனையின் கண்ணில் படவே இல்லை, எப்படிப் புரியும்?

மால்டன் அறைகளில் இந்த இருவரும் மாறி மாறி வென்றுகொண்டிருக்கிறார்கள். குழு உள்ளே போகும்போது பூனை. கண்டதைத் தொடுகிறது, தட்டுகிறது, மிதிக்கிறது. எங்கோ ஒரு முயற்சியில் குழுவில் யாரோ ஒருவர், பெரும்பாலும் இதுவரை பேசாமல் ஓரமாக நின்றவர், தலையை நிமிர்த்துகிறார். சுவரின் படத்துக்கும் தரையின் வரிசைக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதுவரை எடுத்த நேரமெல்லாம் ஒரு நொடியில் மடிந்துபோகிறது. ஆனால் அது எப்போதும் நடப்பதில்லை. புரியாமலே அறையைக் கடந்துவிடுகிற குழுக்களும் உண்டு. பச்சை எரிந்ததும் குதிக்கிறார்கள், ஓடுகிறார்கள். ஏன் எரிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த அறையில் தோற்று மறுபடி முதல் அறைக்கு வரும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

அந்தக் கட்டத்தில் குழுவைக் கவனித்தால் இன்னொரு சோதனைச்சாலை நினைவுக்கு வரும். 1948இல் பி. எஃப். ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி வரும்படி அமைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு விசித்திரமான பழக்கங்களைக் கற்றுக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் வட்டமடித்தது, ஒன்று ஒரு மூலையை நோக்கித் தலையை ஆட்டியது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைத் தீனியின் காரணம் என்று எடுத்துக்கொண்டதுபோல் அவை நடந்துகொண்டன. காரணம் சொல்லாத அறையில் மனிதர்களும் இதையே செய்கிறார்கள். போன தடவை பச்சை எரிந்தபோது அண்ணன் இடது பக்கம் நின்றான், ஆகவே இப்போதும் இடது பக்கம் நிற்க வேண்டும். அம்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள், அதையும் மாற்றக் கூடாது. மரக்கட்டையை மூன்று முறை தட்டியது அவசியமா, வீணா? வீணென்று கண்டுபிடிக்க ஒரு முயற்சியைப் பலி கொடுக்க வேண்டும். அதற்குத் துணிபவர்கள் குறைவு. பொறியாளர்கள் நிறைந்த குழுக்கள்கூட வென்ற சடங்கை அப்படியே நடத்தி முடிக்கத்தான் விரும்புகின்றன. மூடநம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க விரும்புபவர் எந்தக் கோயில் வாசலுக்கும் போக வேண்டியதில்லை.

இந்த அறைகளின் வம்சாவளியைத் தேடிப் போனால் பிரான்சின் மேற்குக் கடலில் நிற்கும் ஒரு கோட்டைக்கு வந்து சேரலாம். நெப்போலியன் காலத்தில் ரோஷ்ஃபோர் துறைமுகத்தைக் காக்கத் திட்டமிடப்பட்டது ஃபோர்ட் போயார். இடையில் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1857இல்தான் கட்டி முடிந்தது. முடிந்தபோது பீரங்கிகளின் வீச்சு கூடிவிட்டிருந்ததால் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கொஞ்ச காலம் சிறையாக இருந்தது. பாரிஸ் கம்யூன் கைதிகள் அங்கே அடைபட்டார்கள். பிறகு பாழடைந்தது. 1962இல் ஏலத்துக்கு வந்தபோது எடுத்தவர் ஒரு பெல்ஜியப் பல் மருத்துவர். இப்படி யாருக்கும் உதவாத கோட்டையில்தான் ஜாக் அந்துவான் என்ற தொலைக்காட்சிக்காரர் 1990இல் ஒரு விளையாட்டைக் கொண்டுபோய் வைத்தார். ஒவ்வொரு அறையிலும் ஒரு சாவி, அதை எடுக்க ஒரு சவால், நேரத்தை அளக்கத் தண்ணீர்க் கடிகாரம். தண்ணீர் தீர்வதற்குள் வெளியே வராதவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். கோபுர உச்சியில் பேர் ஃபூரா என்ற வெண்தாடிக் கிழவர் விடுகதை போட உட்கார்ந்திருப்பார்.

இதே யோசனையை வாங்க வந்த பிரிட்டிஷ்காரர்களுக்குக் கோட்டை அப்போது படப்பிடிப்புக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் அரங்குக்குள்ளேயே ஓர் உலகம் கட்டினார்கள். ‘தி கிரிஸ்டல் மேஸ்’ 1990 பிப்ரவரியில் சேனல் 4இல் தொடங்கிவிட்டது. மூலமான ஃபோர்ட் போயார் அந்தக் கோடையில்தான் ஒளிபரப்பானது. நகல் மூத்தது, அசல் இளையது. கிரிஸ்டல் மேஸில் விளையாட்டுகள் நான்கு வகை: உடல், அறிவு, கைத்திறன், மர்மம். அறைக்குள் போகுமுன் இந்த நான்கில் ஒன்றைச் சொல்லித் தேர்ந்துகொள்ள வேண்டும். வெல்லும் ஒவ்வொரு படிகமும் கடைசிக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஐந்து நொடி நேரம் வாங்கித்தரும். உள்ளே மாட்டிக்கொண்டவரை மீட்க ஒரு படிகத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். தோற்றவரின் விலை என்ன என்று நண்பர்கள் அவர் காதுபடவே பேரம் பேசுகிற கொடுமை வேறு. முதல் தொகுப்பாளர் ரிச்சர்ட் ஓ’பிரையன், ‘ராக்கி ஹாரர் ஷோ’ எழுதியவர். போட்டியாளர் உள்ளே திண்டாடும்போது இவர் அக்கறையே இல்லாதவர்போல் கேமராவைப் பார்த்து ஏதாவது பேசுவார், மவுத் ஆர்கனை எடுத்து ஊதுவார். அந்த அலட்சியம் நிகழ்ச்சியின் உயிராக இருந்தது. ரசிகர்கள் அதை மறக்கவே இல்லை. 2016இல் லண்டனில் பொதுமக்களே விளையாடும்படி அந்த உலகத்தைத் திரும்பக் கட்டியபோது அதற்கான பணத்தில் பெரும் பகுதி இணையம் வழியாக ரசிகர்களிடம் திரட்டியதுதான்.

இந்திய வீடுகளுக்குத் தெரிந்தது இவற்றின் ஜப்பானிய உறவு. ‘தகேஷிஸ் காசில்’ 1986இல் ஜப்பானில் தொடங்கியது. பிற்பாடு போகோ தொலைக்காட்சியில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு வந்தபோது, இந்தி தெரியாத தமிழ்ப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேற்றில் விழுவதற்கு மொழி எதற்கு? நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கோட்டையைப் பிடிக்க ஓடிவருவார்கள், கடைசிக் கட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும்படி சிலரே மிஞ்சுவார்கள். வென்றவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. நிலையில்லாத கல்லில் கால் வைத்துத் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தவரைத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அங்கே தோல்வியே நிகழ்ச்சி. மால்டனில் அதே தோல்விக்குப் பார்வையாளர் கிடையாது; விழுந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர், அவர்களும் விழுந்தவர்கள். கூச்சம் என்ற ஒன்று எவ்வளவு சக்தியை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் கைதூக்கவே பயந்திருந்த பிள்ளை இங்கே பத்துத் தவறான யோசனைகளை வரிசையாகச் சொல்கிறது.

எஸ்கேப் ரூம் என்று நம் ஊர்களிலும் பெயரெடுத்துவிட்ட வகை வேறொரு கிளை. கியோட்டோவில் தகாவோ கதோவின் ஸ்க்ராப் நிறுவனம் 2007இல் நடத்திய விளையாட்டிலிருந்து அதன் கதையைத் தொடங்குவது வழக்கம். கணினித் திரையில் அறையை விட்டுத் தப்பிக்கும் விளையாட்டுகளை நிஜ அறைக்கு மாற்றியது அது. ஐரோப்பாவில் அந்த மோகம் பற்றிக்கொண்டது புடாபெஸ்டில். 2011இல் அங்கே பாராபார்க் என்ற கூடத்தைத் திறந்த அட்டிலா ஜ்யூர்கோவிச் ஜப்பானைப் பார்த்துச் செய்யவில்லை. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி எழுதிய ‘ஃப்ளோ’ கோட்பாடுதான் அவருக்குத் தூண்டுகோல். வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும்போது மனிதன் நேரத்தையும் தன்னையும் மறக்கிறான் என்பது அந்தக் கோட்பாட்டின் சுருக்கம். கடினம் கூடினால் பதற்றம், குறைந்தால் அலுப்பு.

எஸ்கேப் ரூமில் அந்த ஈட்டைக் காப்பாற்ற ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அறுபது நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, திரைக்குப் பின்னால் ஊழியர் ஒருவர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். குழு தடுமாறினால் ஒரு குறிப்பு, இன்னும் தடுமாறினால் இன்னொன்று. முடிவில் வாடிக்கையாளர் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டுமே. நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கோ ஒருவர் விடையைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் யோசனை அறையை விட்டு அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. ‘கேட்டுவிடலாமா?’ என்று ஒருவர் சொன்ன கணத்தில் புதிர் முடிந்தது. அதன் பிறகு நடப்பது பேரம்.

கனடாவின் வின்னிபெக் நகரில் 2019இல் தொடங்கிய ‘ஆக்டிவேட்’ இன்னொரு திசையில் போயிற்று. ஒளிரும் ஓடுகள் பதித்த தரை, லேசர் கோடுகள், ஏறும் சுவர், மணிக்கட்டில் பட்டை. என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரிய மர்மம் இல்லை: சிவப்பு ஓட்டை மிதிக்காதே, மற்றதை மிதி. மதிப்பெண் உடனுக்குடன் ஏறுகிறது, பட்டியலில் பெயர் வருகிறது. வியர்வைக்குக் குறையில்லை, யோசனைக்குத்தான் அங்கே வேலை குறைவு. ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வெளியே வருபவர்கள் எண்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மால்டனிலிருந்து வருபவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசுகிறார்கள்.

பரிசு விஷயத்திலும் மால்டன்காரர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பழைய சோதனையின் பக்கம் நிற்கிறார்கள். கார்ல் டங்கர் வடிவமைத்த மெழுகுவத்திப் புதிர் 1945இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரு மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மெழுகுவத்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். குத்தூசியைக் கொட்டிவிட்டு அந்தக் காலிப் பெட்டியையே சுவரில் குத்தித் தாங்குபலகை ஆக்கினால் தீர்ந்தது. பெட்டி நிறைந்திருக்கும்வரை பலருக்கு அது பெட்டியாகவே தெரிகிறது, பலகையாகத் தெரிவதில்லை. 1962இல் சாம் கிளக்ஸ்பெர்க் இதே புதிரைச் சிலருக்குப் பணப்பரிசு அறிவித்துக் கொடுத்துப் பார்த்தார். பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். குத்தூசிகளை வெளியே கொட்டி வைத்த சுலபமான வடிவத்தில் மட்டும் பரிசு அவர்களை வேகப்படுத்தியது. வழி தெரிந்த வேலைக்குப் பணம் சாட்டை. வழி தெரியாத வேலையில் அதுவே கண்கட்டு. அட்டையில் குத்தும் முத்திரை எந்தக் கடையிலும் செல்லாது. அதைப் பார்த்துப் பல்லை இளிக்கும் பெரியவர்களைப் பார்த்தால், செல்லாத பரிசுக்கு இருக்கும் மரியாதை தனி என்று தோன்றுகிறது.

உடலை விட்டுவிட்டு இந்த இடத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. போடா போர்க் தன் சவால்களைப் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது. பச்சையில் உடல் உழைப்பு குறைவு, பெரும்பாலும் மூளைக்கு வேலை. சிவப்பில் நடுத்தரம். கறுப்பில் தொங்க வேண்டும், தவழ வேண்டும், தாவ வேண்டும். கறுப்பு அறை வாசலில் குடும்ப வரிசை கலைந்துபோவதைப் பார்க்கலாம். வீட்டில் முடிவெடுப்பவர் தந்தையாக இருக்கலாம். ஆனால் அவருடைய அதிகாரத்தைக் கயிறு பொருட்படுத்துவதில்லை. பத்து வயதுப் பெண் பொந்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கத்திச் சொல்ல, மற்றவர்கள் இந்தப் பக்கம் மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ‘சரியாகப் பார்த்துச் சொல்’ என்று அதட்டினால் அவள் இன்னும் மோசமாகப் பார்ப்பாள் என்பதும் இரண்டு சிவப்பு விளக்குகளில் தெரிந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. முழங்கால் தேய்ந்தவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இந்தத் தொழிலின் கற்பனையில் ஓரமாகத்தான் இருக்கிறார்கள். சவால்களை நிறத்தால் பிரித்து எச்சரிப்பது நேர்மையான காரியம், ஆனால் எச்சரிப்பது வேறு, இடம் கொடுப்பது வேறு. கயிற்றில் தொங்க முடியாதவரின் கூர்மையான கண்ணும் நினைவாற்றலும் ஒரு கறுப்பு அறையிலும் தேவைப்படும்படி வடிவமைப்பது கடினம் என்று சொல்லலாம். புதிர் வடிவமைப்பையே பிழைப்பாகக் கொண்டவர்கள் சொன்னால் அது எடுபடாது.

அறைகளுக்குப் பின்னால் இருக்கும் கருவிகள் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. மிதித்தால் உணரும் பாய், கை குறுக்கிட்டால் அறியும் ஒளிக்கற்றை, காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் சிறு சுவிட்ச், இவற்றையெல்லாம் கேட்டு முடிவெடுக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. சவால் அறைத் தொழில் பெரும்பாலும் இவற்றில்தான் ஓடுகிறது. கதவுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது மின்காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரைதான் அது பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கொஷாலின் நகரில் ஒரு எஸ்கேப் ரூமில் தீப்பிடித்தது. பிறந்தநாள் கொண்டாட வந்திருந்த 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியேற வழியின்றி இறந்தார்கள். காத்திருக்கும் பகுதியிலிருந்த எரிவாயு ஹீட்டர் வழியாகத் தீ பரவியது. அதன் பிறகு போலந்து முழுவதும் இத்தகைய கூடங்களைச் சோதித்துப் பலவற்றை மூடினார்கள். அடைபட்டிருப்பதுபோல் நடிப்பதற்கும் அடைபட்டிருப்பதற்கும் நடுவே இருக்க வேண்டியது தீயணைப்புத் துறையின் கையெழுத்து. கதைக்காகக் கதவைப் பூட்டும் எந்த முதலாளியின் ரசனையும் அதற்கு மேல் இல்லை. மால்டன் பாணியில் இந்தச் சிக்கல் இயல்பாகவே குறைவு: தோற்பவர் செய்ய வேண்டிய முதல் காரியமே வெளியே போவது.

கம்பெனிகள் தம் ஊழியர்களைக் கூட்டமாக இங்கே அனுப்புகின்றன. தோல்வியிலிருந்து கற்றல், கூட்டு முயற்சி, தலைமைப் பண்பு என்று விளம்பரங்களும் அந்த வாடிக்கையாளர்களைக் குறிவைத்தே பேசுகின்றன. இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். இங்கே ஒரு தோல்வியின் விலை பத்து நொடி. அலுவலகத்தில் ஒரு தோல்வியின் விலை ஆண்டு இறுதி மதிப்பீட்டில் தெரியும். மேலாளர் சனிக்கிழமை மஞ்சள் சதுரத்தை மிதித்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார் என்பதற்காகத் திங்கட்கிழமை அவர் முன்னால் யாரும் தவறை ஒப்புக்கொண்டுவிடப் போவதில்லை. தோற்பது மலிவாக இருந்ததால்தான் அறைக்குள் எல்லோரும் தைரியசாலிகளாக இருந்தார்கள். தைரியத்தை வளர்க்க விரும்பும் நிறுவனம் ஊழியரை மால்டனுக்கு அனுப்புவதைவிடத் தன்னிடத்தில் தோல்வியின் விலையைக் குறைப்பது சிக்கனமான வழி. அதற்கு டிக்கெட் தேவையில்லை, மனசுதான் வேண்டும். அது டிக்கெட்டைவிட அரிதாக இருக்கிறது.

கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் எழுதிய ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூல், ஈசாப் கதையில் எறும்பிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட வெட்டுக்கிளியையே நாயகனாக்கி விளையாட்டுக்காக வாதாடுகிறது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப்போய்ப் போட்டுவிடலாம். அத்தனை தூரத்திலிருந்து குச்சியால் அடிப்பானேன்? தேவையில்லாத தடையை நாமாக வரித்துக்கொண்டு கடப்பதுதான் விளையாட்டு என்பது அவருடைய வாதம். வேலையற்றுப்போன கடற்கோட்டை விளையாட்டுக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்தது தற்செயல் இல்லை போலும். தார்ன்டைக்கின் பூனைக்கும் மால்டனுக்கு வரும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுதான்: பூனைக்கு மீன் வேண்டும், கூண்டு வேண்டாம். குடும்பத்துக்குக் கூண்டுதான் வேண்டும்.

ஆகவே விடையைச் சொல்லிவிடுவது அங்கே பெரிய பாவமாகக் கருதப்படுகிறது. ஆனால் எல்லா விடையும் ஒரே மாதிரி கெடுவதில்லை. பச்சை அறையின் ரகசியம் ஒருமுறை தெரிந்துவிட்டால் அந்தக் குழுவுக்கு அந்த அறை முடிந்தது. திரும்பிப் போனால் ஒப்புக்குத்தான். கறுப்பு அறையின் விடையைக் கதவிலேயே எழுதி ஒட்டினாலும் பிடிமானம் இல்லாத கைக்கு அது அப்படியே இருக்கும். ஃபோர்ட் போயாரிலும் இதே கணக்குதான்: தண்ணீருக்கு மேல் தொங்கும் விளையாட்டைத் திரும்பத் திரும்ப வைக்கலாம், கோபுரத்துக் கிழவரின் விடுகதையை ஒளிபரப்பான பிறகு இன்னொரு முறை போட முடியாது, அவருக்கு எப்போதும் புதுச் சரக்கு தேவை.

அதனால் இப்படிப்பட்ட கூடங்களின் நடைபாதையில் ஒரு குழு இன்னொரு குழுவிடம் கேட்கத் தகுந்த கேள்விகள் மிகக் குறைவு. ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்பவர் புதியவர். அவருக்கு ஒரு புன்னகைதான் கிடைக்கும். கொஞ்சம் பழகியவர்கள் ‘எத்தனையாவது அறைவரை போனீர்கள்?’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நன்றாகத் தோற்றுப் பழகிய குழு கேட்கும் கேள்வி வேறு: ‘எங்கள் யோசனை தப்பா, இல்லை காலா?’ ‘கால்தான்’ என்று பதில் வந்தால் போதும். ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் அதே யோசனையோடு உள்ளே போவார்கள்.